குத்தகையா, கிரயமா? உடுக்கைப் பாட்டுக்காரர் ஒருவரின் கடிதத்துக்கு வழக்கறிஞரின் பதில்

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் சில விவரங்களையும் மாற்றித்தான் இங்கே சொல்கிறேன். அவருக்கு வயது 44. அப்பாரு (தாத்தா) காலத்திலிருந்து மூன்று தலைமுறையாக உடுக்கைப் பாட்டுக் குடும்பம், பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் வீரக் கதையான அண்ணமார் கதைதான் அவர்கள் சொத்து. சாட்டு, நோம்பி என்று கோயில் விழாக்களுக்கு வருஷத்துக்கு இருபது ராத்திரி பாட அழைப்பு வந்தால் அதுவே பெரிது. மீதி நாளெல்லாம் தேங்காய்க் களத்தில் வேலை. மூத்த பெண் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், அடுத்த தவணைப் பணம் இன்னும் கட்டவில்லை.

போன தை மாதம் ஒரு கோயிலில் இவர் பாடிய தங்காள் புலம்பலை, அதாவது அண்ணன்மாரை இழந்த தங்கையின் ஒப்பாரியை, யாரோ செல்போனில் எடுத்து யூடியூபில் போட்டிருக்கிறார்கள். அது பரவி, கோவையிலிருந்து ஒரு வீடியோ கம்பெனி வீடு தேடி வந்துவிட்டது. முழுக் கதையும் 24 பகுதியாக வேண்டும், மொத்தம் மூன்று லட்சம் ரூபாய் என்றார்களாம். 50,000 ரூபாய்க்கு ஒரு செக்கையும் 11 பக்க இங்கிலீஷ் ஒப்பந்தத்தையும் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். நிபந்தனைகளும் உண்டு. தொடக்கத்தில் சாமியைக் கும்பிடும் காப்புப் பாட்டு வேண்டாம், எடுத்த எடுப்பில் சண்டை வர வேண்டும். அண்ணமாரின் தாய் தாமரை பிள்ளை வரத்துக்காகச் செய்யும் தவத்தைச் சுருக்க வேண்டும். கீபோர்டும் எலெக்ட்ரானிக் தாளப் பேடும் சேர்ப்பார்கள். வீரர்கள் விழுந்து எழும் கோயில் சடங்கான படுகளத்தைச் செட் போட்டு எடுப்பார்கள். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் ஒரு சாதியைத் தூக்கியும் எதிர்த்தரப்பை மட்டம் தட்டியும் நாலு வரி இவர் கட்டிப் பாட வேண்டும், "அதுதானுங்க ஓடுது."

இவர் தயங்கியதற்கு வந்த பதில், "இது நாட்டுப்புறப் பாட்டுதானுங்களே, இதுக்கு யாருங்க ஓனரு? நீங்க இல்லீன்னா இன்னொருத்தரு."

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நாலு கேள்விகள் இருக்கின்றன. காசுக்குப் பாடினால் அப்பாருவுக்குத் துரோகமா? கதையை என் பேரில் 'காப்புரிமை' பதிவு செய்து மற்றவர்களைத் தடுக்க முடியுமா? பாட்டை வெட்டினால் கேஸ் போடலாமா? எப்படியும் அஞ்சு வருஷத்தில் உரிமை தானாகத் திரும்பி வந்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், உண்மையா?

அன்புள்ள பாட்டுக்காரருக்கு,

முதலில் ஒரு வேலை. அந்தச் செக்கை பேங்கில் போடாதீர்கள். செக்குக்கு மூன்று மாதம் உயிர் உண்டு, அவசரமில்லை. ஆனால் பணம் உங்கள் கணக்கில் ஏறிவிட்டால், 'ஒப்புக்கொண்டுதானே வாங்கினார்' என்று நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்வேன். வெள்ளிக்கிழமை என்பது அவர்கள் வைத்த கெடு, சட்டம் வைத்ததில்லை.

அப்புறம் உங்கள் முதல் கேள்வி. அது சட்டக் கேள்வி இல்லைதான். ஆனாலும் அதைத் தாண்டிப் போனால் மற்ற மூன்றுக்கும் சரியான பதில் கிடைக்காது. உங்கள் கடிதத்திலேயே ஒரு சம்பவம் எழுதியிருக்கிறீர்கள். 1997இல் உங்கள் அப்பா கேசட்டுக்குப் பாடியபோது ஆர்மோனியமும் தவிலும் சேர்த்தார், அதைக் கேட்ட அப்பாரு ஒரு மாதம் மகனோடு பேசவில்லை என்று. அதே கேசட்டைத்தான் இப்போது நீங்கள் 'எங்க பாரம்பரியம்' என்கிறீர்கள். அப்பாருவும் சும்மா பாடியவர் இல்லை. களத்துமேட்டில் வள்ளக் கணக்கில் தானியம் வாங்கித்தான் பாடியிருக்கிறார். அதுவும் கூலிதான். பாட்டின் நீளமும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. கோயில்காரர்கள் மூன்று ராத்திரி என்றால் மூன்று, ஒரே ராத்திரி என்றால் ஒன்று.

உங்களுக்குப் பக்கத்து ஓலப்பாளையத்தில்தான் கனடா மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் இந்தக் கதையைப் பல இரவுகள் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பிடித்தார். 1992இல் அது சென்னையில் இரண்டு தொகுதிகளாக அச்சானது. பிறகு அவர் முயற்சியில் அதுவே 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் வந்தது. ராத்திரி ராத்திரியாக நடந்த பாட்டு நாடாவுக்கும் புத்தகத்துக்கும் கார்ட்டூனுக்கும் போய்விட்டு வந்தது, அதனால் கோயில் பாட்டு நின்றுவிடவில்லை. ஆகவே பணம் வாங்குவதிலோ பாட்டைச் சுருக்குவதிலோ எனக்குத் துரோகம் எதுவும் தெரியவில்லை. கீபோர்டைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். உடுக்கைச் சத்தத்தை அமுக்காமல் இருந்தால் போதும்.

என் கவலையெல்லாம் அந்த 11 பக்கத்தைப் பற்றித்தான். நீங்கள் விவசாய ஊர்க்காரர், ஒரு வார்த்தையில் புரியும். அவர்கள் தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்கவில்லை, கிரயம் எழுதிக் கேட்கிறார்கள். அதுவும் கிணறு, தடம், வரப்பு எல்லாம் சேர்த்து.

ஆறாம் பக்கத்தில் இருப்பது

செல்போனில் நீங்கள் அனுப்பிய படங்களை வைத்து ஒப்பந்தம் முழுவதையும் படித்தேன். பள்ளிக்கூட வாத்தியார் உங்களுக்கு நன்றாகத்தான் விளக்கியிருக்கிறார், ஆனால் ஆறாம் பக்கத்தை அவர் கவனிக்கவில்லை போல. 'இந்தக் கதையையோ அதன் பகுதியையோ கம்பெனியின் எழுத்துமூல அனுமதியில்லாமல் வேறு எந்த ஊடகத்திலும், பொது நிகழ்ச்சியிலும் கலைஞர் நிகழ்த்தக் கூடாது' என்று அங்கே இருக்கிறது. பொது நிகழ்ச்சி என்றால் கோயில் சாட்டும் அதில் அடங்கும். அடுத்த மாசி மாதம் உங்கள் ஊர்க் கோயிலில் உடுக்கையை எடுக்கக் கோவைக்கு லெட்டர் போட வேண்டும். காலக்கெடுவும் இல்லை. நிரந்தரம்.

தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு சொல்கிறது. அதை வைத்து வாதாடலாம், நல்ல வாதம்தான். ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போடும் தடையைக் கோர்ட்டுகள் சில சமயம் ஏற்றிருக்கின்றன. ஊர்ச்சாட்டுக்கு முந்தின நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தால் தர்மகர்த்தா உங்களை வைத்துப் பாடச் சொல்வாரா, வேறு ஆளைக் கூப்பிடுவாரா? சட்டத்தில் ஜெயிப்பது வேறு, அந்த ராத்திரி பாடுவது வேறு.

எட்டாம் பக்கத்தில் உங்கள் குரலை 'பயிற்சிக்கும் மறு ஆக்கத்துக்கும் எந்தத் தொழில்நுட்பத்திலும்' பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. உங்கள் குரலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கி, நீங்கள் பாடாத பாட்டையும் உங்கள் குரலில் பாட வைக்கலாம் என்று அதற்கு அர்த்தம். பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அவர் அனுமதியில்லாமல் இப்படிப் போலி செய்வதற்கு 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவர் யாருக்கும் அனுமதி எழுதிக் கொடுக்கவில்லை. உங்களிடம் அந்த அனுமதியைத்தான் கேட்கிறார்கள். எட்டாம் பக்கத்தில் அந்தப் பத்தி முழுக்கப் போக வேண்டும். இதில் பேரம் வேண்டாம்.

கதை ஊருக்கு, வரி உங்களுக்கு

நீங்கள் கேட்பது பதிப்புரிமை. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு, மோட்டார் பம்ப் மாதிரி. பேர் மாறினால் ஆபீஸும் மாறிவிடும், அதனால்தான் சொல்கிறேன்.

அண்ணமார் கதையை உங்கள் பேரில் பதிவு செய்ய முடியாது. முடிந்தாலும் செய்யக் கூடாது என்பேன். குன்னுடையான், தாமரை, பொன்னர், சங்கர், தங்காள், கொம்பன் பன்றி என்று தலைமுறை தலைமுறையாக வரும் கதையும் வழிவழி வந்த வரிகளும் எவருக்கும் தனிச் சொத்து இல்லை. மணப்பாறைப் பக்கத்தில் பாடுகிறவருக்கும் அதில் உங்களுக்குள்ள அளவு பாத்தியதை உண்டு. அந்த அளவில் கம்பெனிக்காரர் சொன்னது சரி.

அதற்கு மேல் அவர் சொன்னது தப்பு. உங்கள் அப்பா கட்டிய தங்காள் புலம்பல் 38 கண்ணி என்கிறீர்கள், அதில் கடைசி பத்து நீங்கள் சேர்த்தது. அந்தக் கண்ணிகள் எழுத்தாளருக்குச் சொந்தம். எழுதியவர் ஆயுளும் அதற்கு மேல் 60 வருஷமும் பதிப்புரிமை நிற்கும். அப்பா 2009இல் காலமானார் என்பதால் அவர் வரிகளுக்கு 2069 முடியும் வரை. இது தவிர, வரி யாருடையதாக இருந்தாலும் அதைப் பாடியவர் என்ற முறையில் உங்களுக்கு நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு, பாடிய வருஷம் கழிந்து 50 வருஷம். உடுக்கை அடித்துப் பாடுகிறவரும் சட்டத்தின் கண்ணில் நிகழ்த்துநர்தான். அந்த வரையறையில் பாம்பாட்டியும் கழைக்கூத்தாடியும்கூட இருக்கிறார்கள். 'ஓனர் யாருங்க' என்று கேட்டவருக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் 11 பக்கம் அச்சடித்துக் கையெழுத்துக் கேட்டிருக்க மாட்டார்.

பழைய கேசட் கம்பெனியின் நாடாக்களை வாங்கிவிட்டோம், அதனால் அப்பாவின் வரிகளும் எங்களுடையவை என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நாடாவில் உள்ள ஒலிப்பதிவு வேறு, அதில் பாடப்பட்ட வரி வேறு. ஒலிப்பதிவுக்குத் தயாரித்தவர் சொந்தக்காரர், அவரிடமிருந்து இவர்கள் வாங்கியிருக்கலாம். வரியின் உரிமை கைமாற வேண்டுமென்றால் உங்கள் அப்பா கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அப்படி ஒரு தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அப்பா ஒரு நாள் கூத்துக்காகப் போய் ஆயிரம் ரூபாயும் வேட்டி துண்டும் வாங்கி வந்தார், எதிலும் கையெழுத்துப் போட்டதாக அம்மாவுக்கு ஞாபகமில்லை என்கிறீர்கள். அந்த ஞாபகத்தை இப்போதே ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எட்டுப் பக்கக் கடிதத்தில் பின்பாட்டுப் பாடுகிறவர் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார், 'மச்சான் பின்பாட்டு' என்று. ஒப்பந்தத்தில் அவர் பேரே இல்லை. நீங்கள் ஒரு அடி எடுத்துவிட, அதை வாங்கித் திருப்பிப் பாடி, நீங்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் கதையைத் தாங்கிப் பிடிக்கிறவர் அவர். அவரும் நிகழ்த்துநர், அவருக்கும் அதே 50 வருஷம். அவர் சம்மதம் தனியாக எழுத்தில் வேண்டும், பங்கும் பேசியிருக்க வேண்டும். இன்னொன்று, அப்பாவின் வரிகளுக்கு நீங்கள் ஒருவர் மட்டும் வாரிசு இல்லை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் சம பங்கு உண்டு. அக்கா வீட்டுக்காரர்தான் இந்த மச்சான் என்றால், நீங்கள் தனியாகக் கையெழுத்துப் போட்ட அன்று ஒரே வீட்டை இரண்டு தடவை விட்டுவிட்டீர்கள் என்று ஆகும். கம்பெனி உங்களுக்குச் செய்யப் பார்ப்பதை நீங்கள் அறியாமலே அவர்களுக்குச் செய்துவிடக் கூடாது.

வெட்டினால் கேஸ் போடலாமா?

பெரும்பாலும் முடியாது. இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும்.

உரிமையை விற்ற பிறகும் பாடியவர் பேரைப் போட வேண்டும், அவர் மதிப்பைக் கெடுக்கும்படி பாட்டைத் திரிக்கக் கூடாது என்று பதிப்புரிமைச் சட்டத்தில் 38பி என்ற பிரிவு இருக்கிறது. 2012 திருத்தத்தில் வந்தது. ஆனால் அதே பிரிவின் அடியில் ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். எடிட்டிங்கிற்காகவோ குறிப்பிட்ட நேரத்துக்குள் அடக்குவதற்காகவோ ஒரு பகுதியை நீக்கினால் மட்டும் அது மதிப்பைக் கெடுத்ததாக ஆகாது. காப்பை எடுப்பது, தாமரையின் தவத்தை இருபது நிமிஷத்தில் முடிப்பது எல்லாம் இந்த விளக்கத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். வரிகளை எழுதியவருக்கு 57ஆம் பிரிவு இதைவிடக் கொஞ்சம் பலமான பாதுகாப்புத் தருகிறது, அப்பா வரிகளுக்காக வாரிசுகளும் அதைக் கேட்கலாம். அங்கேயும் மானத்துக்கோ பெயருக்கோ கேடு வந்தது என்று காட்ட வேண்டும்.

காட்டி ஜெயித்தவர்கள் உண்டு. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்து கொடுத்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அரசு பெயர்த்தெடுத்துக் குடோனில் போட்டுவிட்டது, துண்டுகள் சில காணாமலே போயின. 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே கொடுக்கவும் ஐந்து லட்சம் நஷ்ட ஈடு தரவும் உத்தரவிட்டது. நடுவில் 26 வருஷம் ஓடியிருக்கிறது. அவர் நாடறிந்த சிற்பி. நீங்கள் அடுத்த தவணைக்குப் பணம் தேடும் தகப்பன்.

ஆகவே வெட்டிய பிறகு கோர்ட்டுக்குப் போவதைவிட, எதை வெட்டக் கூடாது என்று முன்னாலேயே ஒப்பந்தத்தில் எழுத வைப்பதுதான் வழி. எதெல்லாம் உங்களுக்கு உயிர், எதெல்லாம் பழக்கம் என்று நீங்களே பிரித்துக்கொள்ள வேண்டும், அதை நான் சொல்ல முடியாது. கேட்டால் என் அபிப்பிராயம் இது. காப்பில் இரண்டு அடியாவது ஒவ்வொரு பகுதியிலும் இருக்கட்டும், அரை நிமிஷம்கூட ஆகாது. தாமரையின் தவத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளை வரத்துக்கு அவள் பட்ட பாடு தெரியாதவனுக்குப் பின்னால் வரும் சண்டையில் யார் செத்தால் என்ன?

படுகளம் பற்றி மட்டும் சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொல்கிறேன். சின்ன வயதில் ஆத்தா மடியில் உட்கார்ந்து படுகளம் பார்த்தவன் நான். விழுந்து கிடந்தவர்கள் எழுந்திருக்கிற வரைக்கும் ஆத்தா என் கையை விடவில்லை. அதை செட் போட்டு, 'கட், இன்னொரு டேக்' என்று எடுப்பதா வேண்டாமா என்பதை நீங்களும் கோயில்காரர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்று முடிவானால் 'படுகளம் இந்த ஒப்பந்தத்தில் அடங்காது' என்று ஒரே வரி போதும்.

அந்த நாலு வரி

சாதியைத் தூக்கிப் பாடும் வரிகளை நீங்கள் கலைப் பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். எதிராளியின் வீரத்தையும் சரிசமமாகப் பாடுவதுதான் எங்க அப்பாரு பாணி என்றும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது கிரிமினல் பிரச்சினையாகவும் தெரிகிறது. சாதிகளுக்கு இடையே பகை மூட்டும் பேச்சுக்கும் எழுத்துக்கும் பாரதிய நியாய சம்ஹிதா 196ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 153ஏ தான் அது. புகார் வந்தால் போலீஸ் யாரைத் தேடி வரும்? திரையில் தெரிவது உங்கள் முகம், வரி கட்டியவர் என்று போடுவதும் உங்கள் பேர். ஒன்பதாம் பக்கத்தில், உள்ளடக்கத்தால் வரும் எந்த வழக்குச் செலவும் நஷ்ட ஈடும் கலைஞரையே சேரும் என்று வேறு எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லிக் கொடுத்த வரிக்கு நீங்கள் ஜாமீன். ஓடினால் காசு அவர்களுக்கு, கேஸ் வந்தால் அது உங்களுக்கு.

அதோடு, நீங்கள் குடியிருக்க வேண்டிய ஊரும் அதுதான். சாட்டில் உங்கள் பாட்டைக் கேட்க எல்லாத் தெருக்காரர்களும்தான் பாய் கொண்டுவந்து உட்காருகிறார்கள். இந்த நாலு வரியைப் பாடாதீர்கள். இதற்காகக் கம்பெனி போய்விட்டால் போகட்டும்.

அஞ்சு வருஷக் கதை

வீடியோவில் நீங்கள் பார்த்தது பாதி உண்மை. காலம் குறிப்பிடாத ஒப்பந்தத்துக்குத்தான் ஐந்து வருஷம் என்று சட்டம் வைத்துக்கொள்ளும். எங்கெங்கே என்று எழுதவில்லையென்றால் இந்தியா மட்டும் என்று வைத்துக்கொள்ளும். உங்கள் ஒப்பந்தத்தில் 'நிரந்தரம்', 'உலகம் முழுவதும்' என்று தெளிவாகவே இருக்கிறது. அது தானாகத் திரும்பி வராது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 'ஒட்டுமொத்தத் தொகைக்கு மேல் ராயல்டி கிடையாது' என்ற வரியைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். நீங்களும் அப்பாவும் எழுதிய வரிகளுக்கான ராயல்டிப் பங்கை, தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாட்டுக்கு, நீங்களே விட்டுக்கொடுத்தாலும் அந்த விட்டுக்கொடுத்தல் செல்லாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துநருக்கும் ராயல்டி உண்டு என்று 38ஏ சொல்கிறது. ஆனால் சட்டத்தில் இருக்கிறது என்பதற்காக மாதாமாதம் பேங்கில் வந்து விழாது. எத்தனை சதவீதம், எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை, கணக்கை யார் காட்டுவது என்று எழுதினால்தான் வரும்.

இனி என்ன செய்யலாம்

அப்படியே கையெழுத்துப் போடுவது ஒரு வழி. ஒரு வருஷத்துக் கட்டணம் தீரும், உடுக்கை அவர்கள் கைக்குப் போகும். முடியாது என்று செக்கைத் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. மானமான வழிதான், ஆனால் தவணைப் பணத்துக்குப் பதில் இல்லை. சொந்தமாக சேனல் தொடங்கலாமே என்று உங்கள் சின்னப் பெண் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனை, தொடங்குங்கள். ஆனால் விளம்பரக் காசு வருவதற்கே 1,000 சந்தாதாரரும் ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது யூடியூபின் கணக்கு. அதை நம்பி இந்த வருஷக் கட்டணத்துக்குத் தவணை சொல்லாதீர்கள்.

நான் சொல்வது குத்தகை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கே எல்லாம் வெளிச்சத்தில், எழுத்தில். உரிமை மாற்றம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, இந்த 24 பகுதிகளுக்கு மட்டும், ஐந்து வருஷத்துக்கு, இணைய வெளியீட்டுக்கான உரிமம் என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று லட்சம் முன்பணமாக இருக்கட்டும், அதற்கு மேல் வருமானத்தில் பங்கு. மச்சானுக்கும் அதே ஒப்பந்தத்தில் பேரும் பங்கும். கோயில், மேடை, பள்ளிக்கூடம் எங்கேயும் பாட முழுச் சுதந்திரம். எடிட் முடிந்ததும் நீங்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் வெளியீடு. வழக்குப் பொறுப்பு அவரவர் வரிக்கு அவரவர். ஒரு வருஷத்தில் வெளியிடாவிட்டால் உரிமம் ரத்து.

இன்னொன்றையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். யூடியூபில் ஒரு பாட்டைத் தங்களுடையது என்று பதிந்து வைத்தால், அதே மாதிரி வேறு வீடியோ வந்தவுடன் தானாக உரிமை கோரும் ஏற்பாடு இருக்கிறது. நாளைக்கு உங்கள் பங்காளி மகன் ஊர்ச்சாட்டில் பாடியதைப் போட்டால் அதன் வருமானம் கம்பெனிக்குப் போகக் கூடும். மரபு வரிகள் மீதும் வேறு குழுக்களின் பாட்டு மீதும் அப்படி உரிமை கோர மாட்டோம் என்று அவர்கள் எழுதித் தரட்டும். நீங்கள் மற்றவர்களைத் தடுக்க முடியுமா என்று கேட்டீர்கள். மற்றவர்களைத் தடுக்காமல் பார்த்துக்கொள்ள உங்களால் முடியும், அதுவும் இந்தக் கையெழுத்துக்கு முன்னால் மட்டும்தான்.

தகராறு வந்தால் கம்பெனி நியமிக்கும் நடுவர், சென்னையில், என்று பத்தாம் பக்கம் சொல்கிறது. வழக்கின் முடிவில் லாபம் உள்ள ஒரு தரப்பு தானே ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019லேயே சொல்லிவிட்டது. பதிப்புரிமை வழக்கை வழக்காளி வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்று 62ஆம் பிரிவு இருக்கிறது. அதனால் திருப்பூர் என்று கேளுங்கள்.

இவ்வளவும் கேட்டால் அவர்கள் எழுந்து போய்விடுவார்களோ என்று பயப்படுவீர்கள். போகலாம். ஆனால் அவர்கள் வந்தது தங்காள் புலம்பலுக்கு. அந்த வரிகள் இருப்பது உங்கள் வீட்டில்தான், வேறு யாரிடம் போனாலும் அது கிடைக்காது. பாதிக்கு இறங்கி வருவார்கள் என்று நினைக்கிறேன். என் கணிப்பு தப்பாகவும் போகலாம், அதற்காகத்தான் அடுத்த வேலை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் நீங்களும் மச்சானும் இன்னும் பதியவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. உறுப்பினரின் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. கோவையில் கலை பண்பாட்டுத் துறை மண்டல அலுவலகத்தில் விசாரியுங்கள், இந்த வாரமே. பெண்ணின் கல்லூரி மூலம் கல்விக் கடனுக்கும் எழுதிப் போடச் சொல்லுங்கள். கட்டணத்துக்கு வேறு ஒரு வழி கண்ணில் தெரிந்தால் வெள்ளிக்கிழமைக் கெடுவின் மிரட்டல் பாதி குறைந்துவிடும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், தகுதி இருந்தால் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார்.

பேச்சு வார்த்தைக்குப் போகும்போது மச்சானையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால், அப்பா தன் வரிகளை எழுதி வைத்த அந்த நீள நோட்டு. அதை லேமினேஷன் செய்யலாமா என்று கடைசியில் பின்குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், பழைய தாள் பாழாகிவிடும், அசல் கையெழுத்து என்று நிரூபிப்பதும் கஷ்டமாகும். வெயில் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து மூன்று பேர் போனிலும் வையுங்கள். எழுத்துப் பிரதியாக அப்பா வரிகளைத் தனியாகவும் உங்கள் பத்துக் கண்ணிகளைத் தனியாகவும் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்தால் ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சாட்சியாக நிற்கும். நோட்டில் அப்பா தேதி போட்டிருக்கும் பக்கங்களை முதலில் எடுங்கள்.